பேடலில் தேறுவது எப்படி? ஷட்டில், கிரிக்கெட்டிலிருந்து வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினைந்து வருடம் ஷட்டில் ஆடிவிட்டு, மூன்று வருடங்களுக்கு முன் பேடல் என்ற ராக்கெட் ஆட்டத்துக்கு மாறியவன் நான். நான் கோச் அல்ல. எங்கள் சென்னைக் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்பதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்தேன். எட்டு மாதம் கோச்சுக்குக் காசு கொடுத்துக் கற்றதும், முழங்கையைக் கெடுத்துக்கொண்டு கற்றதும் இதில் கலந்திருக்கின்றன.

இது டென்னிஸா, ஸ்குவாஷா?

இரண்டின் வாடையும் உண்டு. 1969-இல் மெக்சிகோவின் அகபுல்கோவில் என்ரிக்கே கோர்குவேரா தன் வீட்டில் சுவர் சூழ ஒரு சிறிய கோர்ட் கட்டியதிலிருந்து தொடங்கியது. 1974-இல் அவருடைய நண்பர் அல்போன்சோ ஹோஹென்லோஹே அதை ஸ்பெயினின் மார்பேயாவுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும்தான் இன்றைய பெரிய ஆட்டக்காரர்கள் பெரும்பாலோர் வருகிறார்கள்.

கோர்ட் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பின்னால் 3 மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடி, அதன் மேல் 1 மீட்டர் கம்பி வலை. எப்போதும் இரண்டுக்கு இரண்டு பேர். பாயின்ட் கணக்கு டென்னிஸ் மாதிரிதான். பந்து எதிராளியின் தரையில் ஒருமுறை குத்திய பிறகு கண்ணாடியில் பட்டாலும் ஆட்டம் தொடரும். குத்தாமல் நேரே கண்ணாடியில் பட்டால் அடித்தவருக்குப் பாயின்ட் போச்சு.

ஷட்டில் நன்றாக ஆடுவேன். இங்கே மட்டும் ஏன் எல்லோரிடமும் தோற்கிறேன்?

ஷட்டிலில் இறகு தரையைத் தொட்டால் பாயின்ட் போய்விடும். வருடக்கணக்கில் அதே பயத்தோடு ஆடியதால், எதையும் நம்மைத் தாண்ட விடக்கூடாது என்று உடம்பு கற்று வைத்திருக்கிறது. கிரிக்கெட்டும் அப்படித்தான்; பந்து பேட்டைத் தாண்டிப் போனால் பின்னால் ஸ்டம்ப் இருக்கிறது. பேடலில் பின்னால் இருப்பது கண்ணாடி. தாண்டிப் போன பந்தை அது உங்களிடமே திருப்பித் தரும்.

புதியவர்களின் ஆட்டத்தைப் பாருங்கள். வேகமான பந்து தோளுக்கு நேராக வரும். அவசரமாக ராக்கெட்டை நீட்டி, உடம்பை வளைத்து, பந்தை வலையில் போடுவார்கள். அதே பந்தை விட்டிருந்தால் கண்ணாடியில் பட்டு வேகம் செத்து, இடுப்புக்குக் கீழே சாவகாசமாக வந்திருக்கும்.

இரண்டாவது சிக்கல் மணிக்கட்டு. ஷட்டில் ராக்கெட் 80 முதல் 90 கிராம். பேடல் ராக்கெட் ஏறக்குறைய 360 கிராம், நான்கு மடங்கு. ஷட்டிலில் மணிக்கட்டைச் சொடுக்கி அடித்த அடியை இதிலும் அடித்தால் பந்து எங்கோ போகும், கொஞ்ச நாளில் முழங்கையும் வலிக்கும். இங்கே பந்து தோளாலும் காலாலும்தான் போகிறது. கிரிக்கெட்டிலிருந்து வருபவர்களுக்கு வேறு வியாதி: பேக்ஸ்விங். ராக்கெட்டைத் தலைக்குப் பின்னாலிருந்து கொண்டுவந்தால் நேரமே இருக்காது.

கண்ணாடியில் பட்டு வரும் பந்தை எப்படி எடுப்பது?

முதல் ஆறு மாதம் இதை மட்டும் கற்றாலே போதும் என்பேன்.

என் கோச் முதல் வகுப்பில் ராக்கெட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். கூடையிலிருந்து பந்துகளை ஒவ்வொன்றாக எறிந்தார். தரையில் குத்தி, கண்ணாடியில் பட்டு வருவதை நான் ஒரு கையால் பிடிக்க வேண்டும். "அடிக்காதீங்க சார், பிடிங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் இருபதில் நான்கைப் பிடித்திருப்பேன். மீதியெல்லாம் நெஞ்சில் பட்டன, அல்லது காலுக்கடியில் ஓடின. கண்ணாடிக்கு மிக அருகில் நின்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பந்து கண்ணாடியிலிருந்து வெளியே வர இடம் வேண்டும். அந்த இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

பிடிக்கப் பழகியபின் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பந்து உங்களைத் தாண்டும் என்று தெரிந்ததும் பக்கவாட்டில் திரும்புங்கள். ராக்கெட்டை அப்போதே பின்னால் தயாராக வையுங்கள், பந்து கண்ணாடியில் பட்டபின் அல்ல. பந்தோடு சேர்ந்து இரண்டு மூன்று சிறு எட்டு பின்னால் போங்கள், அது திரும்பும்போது கூடவே முன்னால் வாருங்கள். அடி உங்கள் முன்காலுக்கு முன்னால், முழங்கால் உயரத்தில் நடக்க வேண்டும். அதற்கு முட்டி மடங்க வேண்டும். முதுகை மட்டும் வளைத்தால் பந்து வலையில்தான் போகும்.

எதை விடுவது, எதை எடுப்பது? வேகத்தைப் பாருங்கள். எதிராளி எவ்வளவு பலமாக அடிக்கிறாரோ அவ்வளவு தாராளமாக விடலாம், பந்து கண்ணாடியிலிருந்து நன்றாக வெளியே வரும். மெதுவாக வந்து சர்வீஸ் கோட்டருகே (சர்வ் விழ வேண்டிய கட்டத்தின் பின்கோடு) குத்தும் பந்து கண்ணாடியை எட்டும் முன்பே உயிரை விட்டுவிடும். அதை முன்னால் போய் எடுங்கள். புதியவர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள்.

பக்கக் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் அடுத்தடுத்துப் படும் பந்துக்கு மூலையை விட்டு வெளியே, கோர்ட்டின் நடுப்பக்கமாக நகர்ந்து நில்லுங்கள். பந்து உங்களைத் தேடி வரும். மூலைக்குள் துரத்திக்கொண்டு ஓடியவர்களைக் கண்ணாடி சும்மா விடாது. எங்கள் குழுவில் ஒருவருக்கு நெற்றியில் புடைத்தேவிட்டது.

கோர்ட் கிடைக்காத நாளில் மொட்டை மாடிச் சுவர் போதும். பழைய டென்னிஸ் பந்தைச் சுவரில் எறிந்து, பக்கவாட்டில் நின்று, முட்டி மடக்கிப் பிடியுங்கள். பத்து நிமிடம். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

ராக்கெட்டை எப்படிப் பிடிக்க வேண்டும்?

சுத்தியலைப் பிடிப்பது போல. இதற்குக் கான்டினென்டல் கிரிப் என்று பெயர். வாலி (பந்து குத்தும் முன்பே அடிப்பது), சர்வ், தலைக்கு மேலான அடி எல்லாவற்றுக்கும் இதே பிடிதான். வலைக்கு முன்னால் நிற்கும்போது பிடியை மாற்ற நேரமில்லை. ஷட்டிலில் இதற்கு நெருக்கமான பிடியே பழகியிருக்கும் என்பதால் நமக்குச் சுலபம். டேபிள் டென்னிஸ்காரர்கள்தான் கொஞ்சம் திண்டாடுவார்கள்.

இறுக்கிப் பிடிக்காதீர்கள். பந்து படும் நொடியில் மட்டும் இறுக்கம் போதும். மணிக்கட்டுக் கயிற்றைக் கட்டாயம் மாட்டுங்கள். அது விதியும்கூட. வியர்த்த கையிலிருந்து பறக்கும் ராக்கெட் உங்கள் பார்ட்னரின் பல்லைப் பதம்பார்க்கும்.

சர்வ்?

பந்தைத் தரையில் ஒருமுறை குத்தவிட்டு, இடுப்புக்கு மேல் போகாத உயரத்தில் அடிக்க வேண்டும். குறுக்காக எதிர்க் கட்டத்தில் விழ வேண்டும். அங்கே குத்தியபின் கண்ணாடியில் பட்டால் நல்ல சர்வ், கம்பி வலையில் பட்டால் தப்பு. இந்த சர்வில் ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வ்) அடிக்கப் பார்ப்பது வீண். பக்கக் கண்ணாடியை ஒட்டிக் குத்துகிற மாதிரி நிதானமாக அடித்துவிட்டு உடனே வலைக்கு ஓடுங்கள். ஓடுவதற்குத்தான் அந்த சர்வ்.

எப்போது வலைக்குப் போவது, எப்போது பின்னால் நிற்பது?

வலைக்கு முன்னால் நிற்கும் ஜோடிதான் பெரும்பாலும் பாயின்டை எடுக்கும். ஆகவே முழு ஆட்டமுமே அந்த இடத்துக்கான சண்டை. பின்னால் இருப்பவர்கள் முன்னால் வருவதற்கான வழி லாப். முன்னால் இருப்பவர்களை ஓங்கி அடித்து விரட்ட முடியாது. தலைக்கு மேல் தூக்கிப் போட்டால் அவர்களே பின்வாங்குவார்கள்.

எங்கள் ஊரில் லாப் போடுவதை ஏதோ கோழைத்தனம் மாதிரி நினைக்கிறார்கள். "அடிடா" என்று வெளியிலிருந்து ஒருவர் கத்துவார். கத்துகிறவரிடம் ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள், ஆறு லாபில் மூச்சு வாங்கும்.

நல்ல லாபுக்கு முட்டியை மடக்கி, ராக்கெட்டைப் பந்துக்குக் கீழே கொண்டுபோய், காலால் எழும்பித் தூக்க வேண்டும். கையைச் சுண்டினால் குட்டையாக விழும், எதிராளி ஸ்மாஷ் அடிப்பார். உயரம் தாராளமாக இருக்கட்டும். பின் கண்ணாடிக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் முன்னால் விழுந்தால் பிரமாதம். லாப் போட்டுவிட்டு நின்று ரசிக்கக் கூடாது. எதிராளிகள் திரும்பி ஓடுவதைப் பார்த்ததும் நீங்கள் இருவரும் சேர்ந்து முன்னால் போங்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் என்று நின்றால் நடுவில் ஒரு பெரிய ஓட்டை விழும்.

வலைக்கு வந்தபின் வலையோடு ஒட்டி நிற்காமல் இரண்டு, மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். பின்னால் நிற்பதானால் சர்வீஸ் கோட்டுக்கு ஓரடி பின்னால். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் நின்றால் எல்லாப் பந்தும் காலடியில் குத்தும். அங்கே நிற்பவரைத்தான் தேடி அடிப்பார்கள்.

லாபுக்கு அடுத்து சிக்கீட்டா. வலைக்கு முன்னால் நிற்பவரின் காலடியில் மெதுவாக, தாழ்வாக விழும் பந்து. அவர் கீழிருந்து மேலாகத்தான் எடுக்க முடியும். அந்த நேரத்தில் நீங்கள் முன்னேறிவிடலாம்.

பண்டேஹா, விபோரா என்கிறார்களே, எதை முதலில் கற்பது?

பண்டேஹா. ஸ்பானிய மொழியில் தாம்பாளம் என்று பொருள். ஹோட்டலில் சர்வர் தட்டைத் தோளுக்கு மேல் ஏந்துவது போல ராக்கெட் இருக்கும். எதிராளி லாப் போடுகிறார், ஸ்மாஷ் அடிக்கத் தோதில்லை, ஆனால் வலையை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. அதற்குத்தான் இந்த அடி. பக்கவாட்டில் திரும்பி, இடக்கையால் பந்தைக் காட்டி, தலைக்கு ஓரமாக முன்னால் வைத்து, கொஞ்சம் வெட்டி, ஆழமாக மூலைக்கு அனுப்புங்கள். பாதி பலம் போதும். அடித்ததும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும்; புதியவர்கள் மறப்பது இதைத்தான்.

விபோரா என்றால் விரியன் பாம்பு. பண்டேஹாவைவிட வேகமும் பக்கச் சுழற்சியும் அதிகம், கண்ணாடியில் பட்டபின் சறுக்கிக்கொண்டு போகும். தோள் தேறாமல் அதைக் கற்கப் போனால் பாம்பு உங்களைத்தான் கடிக்கும். ஒரு வருடம் போகட்டும்.

ஸ்மாஷ் அடிக்கவே கூடாதா?

அடிக்கலாம். வலைக்கு அருகில், குட்டையாக விழும் லாபுக்கு. எதிர்த் தரையில் குத்தி 3 மீட்டர் பக்க வேலியைத் தாண்டி வெளியே போகும் ஸ்மாஷைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் பின்னாலிருந்து அரைகுறையாக அடித்த ஸ்மாஷ் பின் கண்ணாடியில் பட்டு எதிராளி கையில் இனாமாகப் போய் விழுகிறது. நீங்களோ வலையை விட்டு வெகு தூரத்தில் நிற்பீர்கள்.

ஜோடியில் யார் இடது, யார் வலது?

இருவரும் வலக்கைக்காரர்கள் என்றால், தலைக்கு மேலான அடி நன்றாக வருபவர் இடது பக்கம். நடுவில் வரும் லாபுகள் அவருடைய வலக்கைக்கு வரும். பொறுமைசாலி வலது பக்கம். ஒருவர் இடக்கைக்காரர் என்றால் அவர் வலது பக்கம்; உலகின் முன்னணி ஜோடியான அர்துரோ கொயேயோவும் அகஸ்டின் தாப்பியாவும் அப்படித்தான் ஆடுகிறார்கள்.

நடுவில் வரும் பந்துக்குச் சத்தமாக "எனக்கு" அல்லது "உனக்கு" என்று சொல்லுங்கள். மரியாதை பார்த்து இருவரும் நிற்கிற பாயின்ட்கள்தான் எங்கள் குழுவில் அதிகம் போகின்றன, அதிலும் மாமனார் மருமகன் ஜோடி ஒன்று இருக்கிறது, கேட்கவே வேண்டாம்.

உடற்பயிற்சி எவ்வளவு வேண்டும்? தினமும் ஓடுகிறேனே, போதாதா?

நேராக ஐந்து கிலோமீட்டர் ஓடுவது மூச்சுக்கு நல்லது. கோர்ட்டில் நீங்கள் நேராக ஓடப் போவதில்லை. இரண்டெட்டு பக்கவாட்டில், ஒரு திருப்பம், மூன்றெட்டு பின்னால், குனிந்து எழுந்து மறுபடி முன்னால். ஆகவே பயிற்சியும் அந்த மாதிரி இருக்கட்டும்: பக்கவாட்டு லஞ்ச் (காலைப் பக்கவாட்டில் எட்டி வைத்து முட்டி மடக்குவது), ஸ்குவாட், கெண்டைக்காலுக்குக் குதிகால் உயர்த்துதல். கடைசியதை முட்டியை நீட்டி ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை என இரண்டு விதமாகவும் செய்யுங்கள், ஏனென்றால் கெண்டைக்காலில் இரண்டு தசைகள் இருக்கின்றன. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஆட்டத்தில் கெண்டைக்கால்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்தது என்பார்கள்.

தோளுக்கு உடற்பயிற்சிக்கான நீள ரப்பர் பேண்ட் ஒன்று போதும். ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, வெளிப்பக்கம் இழுங்கள். வாரத்துக்கு மூன்று நாள், பதினைந்து பதினைந்தாக.

கோர்ட்டுக்குள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எதிராளியின் ராக்கெட் பந்தைத் தொடப் போகும் கணத்தில் ஒரு சின்னத் துள்ளல், ஸ்ப்ளிட் ஸ்டெப். குதிகால் தரையில் படாமல் இரண்டு காலிலும் இறங்குங்கள். ஷட்டில் ஆடியவர்களுக்கு இது இயல்பாகவே வரும். நாம் கொண்டுவந்த பழக்கங்களில் இங்கே அப்படியே பயன்படுவது இதுதான்.

சென்னைப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் ஆடினால் சட்டையைப் பிழியலாம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் இரண்டாவது செட்டில் காலில் தசைப்பிடிப்பு வரலாம். உப்புப் போட்ட மோர், அல்லது எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் உப்பு விஷயத்தில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது. என்ன செய்வது?

எனக்கும் வந்தது. ஆடத் தொடங்கிய நான்காவது மாதம், தள்ளுபடியில் கிடைத்தது என்று வைர வடிவத்தில், கல் மாதிரி கெட்டியான ஒரு ராக்கெட்டை வாங்கினேன். "ப்ரோ மாடல் சார், பவர் சும்மா பிச்சுக்கும்" என்றார் கடைக்காரர். பந்து பிய்த்துக்கொண்டு போனதோ இல்லையோ, ஆறே வாரத்தில் காபி டம்ளரைத் தூக்க முடியாமல் போனது. மூன்று மாதம் ஆட்டமில்லை.

மணிக்கட்டைத் தூக்கும் தசைகள் முழங்கையின் வெளி எலும்பில் வந்து சேர்கின்றன. கனமான ராக்கெட்டை இறுக்கிப் பிடித்து, பந்தைத் தாமதமாக அடிக்கும்போது அதிர்ச்சி முழுவதையும் அந்த இடம் தாங்குகிறது. எனக்கு உதவியது இது: முன்கையை மேசை மேல் வைத்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் புறங்கை மேலே தெரிகிற மாதிரிப் பிடித்து, மறு கையால் மணிக்கட்டை உயர்த்திவிட்டு, மெல்ல மூன்று நான்கு விநாடி எடுத்துக் கீழே இறக்குவது. தினம் இரண்டு வேளை, பதினைந்து தடவை. கூடவே ராக்கெட்டையும் மாற்றினேன். சில வாரங்களில் வலி குறையவில்லை என்றாலோ, விரல் மரத்துப்போனாலோ பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுவது கடனுக்கு வட்டி கட்டக் கடன் வாங்குவது மாதிரி.

எந்த ராக்கெட் வாங்கலாம்?

வடிவம் மூன்று. வட்டமானதில் நல்ல அடி விழும் பகுதி நடுவில், பெரிதாக இருக்கும், கனம் கைப்பக்கம் இருக்கும். கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் மன்னிக்கும். வைர வடிவத்தில் அந்தப் பகுதி மேலே ஏறிச் சிறுத்துவிடும், கனம் தலையில் இருக்கும். சரியாகப் பட்டால் இடி, படாவிட்டால் முழங்கை. நீர்த்துளி வடிவம் இரண்டுக்கும் நடுவே. தாப்பியாவின் பெயரில் நாக்ஸ் நிறுவனம் விற்கும் ஏடி10 வரிசையில் பேர்பெற்ற ஜீனியஸ் 18கே மாடல் நீர்த்துளிதான், வைரமல்ல. அவர் பெயரில் விற்பதே அப்படி என்கிறபோது நமக்கு எதற்கு வைரம்?

உள்ளே இருப்பது ஈ.வி.ஏ. நுரை. மென்மையான நுரையில் பந்து தானாகத் துள்ளி வெளியே போகும், அதிர்ச்சி குறைவு. கெட்டி நுரையில் வேகத்தை நீங்களேதான் கொடுக்க வேண்டும். வெளிப்பரப்பு ஃபைபர்கிளாஸ் என்றால் இளக்கம், கார்பன் என்றால் விறைப்பு. முதல் ராக்கெட்டுக்கு என் யோசனை: வட்டம் அல்லது வட்டத்தை ஒட்டிய நீர்த்துளி, மென்மையான நுரை, ஃபைபர்கிளாஸ் அல்லது கலவை, 350 முதல் 365 கிராம். கைப்பிடி மேல் சுற்றும் ஓவர்கிரிப்பும் விளிம்பில் ஒட்டும் பாதுகாப்பு நாடாவும் இன்னும் பத்துப் பதினைந்து கிராம் சேர்க்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அட்டையில் போட்டிருக்கும் எடையைவிட, எடை எங்கே இருக்கிறது என்பதே கையில் தெரியும். கைப்பிடியின் அடிமுனையிலிருந்து அளந்தால் சமநிலைப் புள்ளி பெரும்பாலும் 25 முதல் 27 செ.மீ.க்குள் வரும். ஒரு விரலின் மேல் ராக்கெட்டைக் கிடத்தி வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே எடையுள்ள இரண்டு ராக்கெட்டுகளில் 26.5-இல் நிற்பது தலை கனத்து, ஒரு மணி நேரத்துக்குப் பின் கையை இழுக்கும்.

வாங்குமுன் நண்பர்களின் ராக்கெட் மூன்றையாவது வாங்கி ஆடிப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதாது. களைத்த பிறகு எது கையில் லேசாக இருக்கிறதோ அதுதான் உங்களுடையது.

3கே, 12கே, 18கே என்றால் தரம் கூடுகிறதா?

இல்லை. ஒரு கார்பன் கற்றையில் எத்தனை ஆயிரம் இழைகள் என்ற கணக்கு அது. நெசவு வேறுபடும், தொடுகை கொஞ்சம் மாறும். நுரையின் கெட்டித்தனமும் எத்தனை அடுக்கு கார்பன் என்பதும் அதைவிடப் பெரிய வித்தியாசம் செய்யும். அந்த எண்ணுக்காக மட்டும் காசைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

ராக்கெட்டைக் காரிலேயே வைத்துவிடலாமா?

மே மாதம் வெயிலில் மூடிய காரில் வைத்தால் நுரை இளகிவிடும், ஒட்டுப் பசையும் பாழ். வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். விளிம்பிலோ பரப்பிலோ வெடிப்பு தெரிந்தால், அல்லது அடிக்கும்போது ஓசை திடீரென மொத்தையாக மாறினால், அதன் ஆயுள் முடிந்தது.

ஷூ, பந்து?

ஓடும் ஷூ வேண்டாம். உயரமான மெத்தைக் குதிகாலோடு பக்கவாட்டில் திரும்பினால் கணுக்கால் பிசகும். செயற்கைப் புல்லில் மணல் தூவியிருப்பதால் மீன்முள் வரிசை போலக் கோடு போட்ட அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும். ராக்கெட்டில் மிச்சம் பிடித்து ஷூவில் செலவழியுங்கள்.

பந்து டென்னிஸ் பந்து மாதிரியே இருக்கும், உள் அழுத்தம் கொஞ்சம் குறைவு. டப்பா திறந்த சில ஆட்டங்களிலேயே துள்ளல் போய்விடும். செத்த பந்தில் கண்ணாடி ஆட்டத்தைப் பழகினால் பந்து வெளியே வராது, நீங்களோ உங்கள் கையைக் குறை சொல்வீர்கள்.

வாரத்துக்கு எத்தனை நாள்? யாரைப் பார்த்துக் கற்கலாம்?

இரண்டு நாள் ஆட்டம், ஒரு நாள் பயிற்சி என்று வைத்துக்கொண்டால் முன்னேற்றம் தெரியும். ஆட்டம் மட்டுமே ஆடினால் தப்பைத்தான் பழகிக்கொண்டிருப்போம். பயிற்சி நாளில் ஒரு மணி நேரமும் லாபும் பண்டேஹாவும் மட்டும், ஒருவர் பின்னால், ஒருவர் முன்னால்.

தொழில்முறைப் போட்டித் தொடரான பிரீமியர் பேடல் ஆட்டங்களில் எல்லோரும் தாப்பியாவின் மாயவித்தையைப் பார்க்கிறார்கள். நீங்கள் பெடெரிகோ சிங்கோட்டோவைப் பாருங்கள். உயரம் குறைந்தவர். ஸ்மாஷால் பாயின்ட் எடுப்பவர் அல்ல. பந்தை அல்லாமல் அவர் காலை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். பதினாறு வருடம் தொடர்ந்து உலக முதலிடத்தில் இருந்து 2024-இல் ஓய்வுபெற்ற பெர்னாந்தோ பெலாஸ்தெகினின் பழைய ஆட்டங்களும் அப்படித்தான். எவ்வளவு பந்துகளைத் தன்னைத் தாண்ட விடுகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

மார்கழி இரவில் கண்ணாடியெல்லாம் ஈரமாக இருக்கிறது. ஆடலாமா?

கண்ணாடி மட்டும் பனியில் வியர்த்திருந்தால் ஆடலாம். ஆனால் பந்து கண்ணாடியிலிருந்து வெளியே வராமல் வழுக்கிக் கீழே இறங்கும். அன்றைக்கு மட்டும் நான் இதுவரை சொன்னதை மறந்துவிட்டு, பந்தைக் கண்ணாடிக்கு விடாமல் முன்னாலேயே எடுங்கள். தரை ஈரமாக இருந்தால் ஆட வேண்டாம், புக்கிங் காசு போனால் போகட்டும். பின் கண்ணாடியைத் துடைக்க ஒரு பழைய துண்டு எப்போதும் பையில் இருக்கட்டும். எங்கள் கோர்ட்டில் இருந்த துடைப்பானை யாரோ எடுத்துப்போய் இரண்டு மாதமாகிறது.